சாம்பல் நிறத்தில் ஒரு வரி

அத்தியாயம் 17

காலை ஐந்தேகாலுக்கு அப்துல் ஹாதி எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் திரும்பியபோது மாடித் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை அணைத்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். தேயிலை மூன்று கரண்டி, ஏலக்காய் ஒன்று, சர்க்கரை தனியாக.

மூன்று டம்ளர். ஒன்று அவனுக்கு. ஒன்று அம்மா நஃபீசாவுக்கு. மூன்றாவதை உள்ளறைத் திரைக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் வைத்துவிட்டு ஒரு தடவை இருமினான். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. முதலில் ஸ்டூலின் விளிம்பைத் தொட்டது. விளிம்போடு நகர்ந்து டம்ளரைக் கண்டுபிடித்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

போன வாரம் வரை இந்த வீட்டில் டீ போட்டது அந்தக் கைதான். தம்பி வாசிமின் மனைவி ஃபர்ஹாவின் கை. இந்த வாரம் அம்மா அவளை அடுப்படிக்கு விடவில்லை.

விஷயம் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. கல்யாணப் போட்டோ பார்க்க என்று மருமகளின் போனை வாங்கினாள் நஃபீசா. அதில் மனித முகங்களைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. வாசிமின் விசாப் பக்கம், ஜமாஅத் திருமணப் பதிவேட்டின் பக்கம், வாசிம் அனுப்பிய செய்திகள், எல்லாம் படம் படமாக. அது போதாதென்று மறுநாளே ஷார்ஜாவிலிருந்து வாசிம் கூப்பிட்டான். மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள ஒரு டிராவல்ஸ்காரரின் ஆப் வழியாக அவன் போட்டிருந்த விண்ணப்பம், பன்னிரண்டாம் தேதியே திரும்பப் பெறப்பட்டிருக்கிறது. திரும்பப் பெற்றது ஃபர்ஹாவின் போனிலிருந்து.

புருஷனிடம் போக விருப்பமில்லாதவள் பிரிந்து போகக் காகிதம் சேர்க்கிறாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட நஃபீசாவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணன் அந்தப் போனைப் பார்க்கட்டும், அவன் சொல்வதை வைத்து முடிவு செய்துகொள்ளலாம் என்றிருந்தான் வாசிம். இன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு கூப்பிடுவான். அரியலூரிலிருந்து ஃபர்ஹாவின் அத்தா நசீருதீனும் மதியம் வருகிறார். போனில் இருப்பது சரியில்லை என்று ஹாதி சொன்னால் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போவார். அப்படிப் போன பெண் திரும்பி வருவதில்லை என்பது அவர்கள் ஊரான லப்பைக்குடிக்காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நஃபீசா ஒரு கைக்குட்டையில் சுற்றி அந்தப் போனை மகனிடம் கொடுத்தாள்.

“பூட்டெல்லாம் எடுத்துக் குடுத்துட்டா. கேட்டதும் குடுத்துட்டா பாரு, அதான் எனக்கு இடிக்குது.”

“குடுக்கலன்னாலும் இடிச்சிருக்கும்.”

“உனக்கு எல்லாம் வெளையாட்டு.”

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. விளையாட்டாக எதையும் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அவன் மனைவி ஆஃப்ரா இறந்தும் இரண்டு வருடம்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஃபர்ஹாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் கணவனின் அண்ணன் அந்நிய ஆண். அவள் வந்து பதினான்கு மாதத்தில் இருவரும் நேராகப் பேசியதில்லை. பேச வேண்டியது நஃபீசா வழியாகப் போகும், நஃபீசா வழியாகவே வரும். வருகிற வழியில் கொஞ்சம் உருமாறும்.

*

ஹாதியின் கடை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில். ஜெராக்ஸ், போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகையில் எழுதியிருக்கும். இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஆறு வருடம் கத்தாரில் இருந்தவன். ஆஃப்ராவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தான், அதன்பின் திரும்பிப் போகவில்லை. இப்போது ஊர்க்காரர்களின் போனைப் படித்துச் சொல்வதுதான் பாதி வேலை.

கதவைத் திறந்ததும் ஆண்டாயி வந்துவிட்டாள். எறையூரில் கரும்பு வெட்டுகிறவள். வாரம் ஒருமுறை போனைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

“கேஸ் சிலிண்டர் எப்ப வரும்னு போட்டிருக்கானா பாருங்க பாயி.”

அவன் வாங்கிப் பார்த்து, வியாழக்கிழமை என்றான்.

“எழுத்த எறும்பாட்டம் போட்டு வச்சிருக்கான். சரி, எறும்பாவே இருக்கட்டும். கறுத்த எறும்பா போடக் கூடாதா? வெள்ளத் தாள்ல வெள்ள எறும்ப வுட்டா நா எங்கேருந்து புடிக்கிறது?”

அவள் போனபின் ஃபர்ஹாவின் போனை எடுத்து மேசையில் வைத்தான். கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. ஆஃப்ராவின் போன் வீட்டில் அலமாரியில் இருக்கிறது. பூட்டு எண் அவனுக்குத் தெரியும். ஒருமுறைகூடத் திறந்ததில்லை. தம்பி மனைவியின் போனைத் திறக்க மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது.

திறந்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு ஸ்கிரீன்ஷாட். அம்மா சொன்னது குறைவு. விசாப் பக்கம் மட்டும் முப்பத்தொன்று. திருமணப் பதிவேடு. வாசிமின் கம்பெனி விடுமுறைப் பட்டியல். பெரம்பலூர் பஸ் நேரம். கரண்ட் பில். வாசிம் எழுதிய செய்திகள், சண்டை நாளில் எழுதியவையும். பெரும்பாலானவை ஒரே எண்ணுக்கு அனுப்பப்பட்டிருந்தன. அரியலூர் எண். நசீருதீன்.

கோர்ட்டுக்குப் போகத் தயாராகும் பெண்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு இதே மேசைக்கு வருவார்கள். ஹாதியே பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவர்களும் முதலில் அத்தாவுக்குத்தான் அனுப்புவார்கள். அம்மா சொன்னது சரிதானோ என்று அவனுக்கே பட்டது.

ஆனால் பஸ் நேரத்தை எந்தக் கோர்ட்டில் காட்டுவார்கள்?

டிராவல்ஸ் ஆப்பைத் திறந்தான். வாசிம் கேட்டுக்கொண்டதால் விண்ணப்பத்தை மறுபடி உயிர்ப்பித்திருந்தார்கள். கூடவே காலையில் வாசிம் ஹாதிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். நான் சொல்லும்வரை அதை யாரும் அழுத்த வேண்டாம். ஏன் என்று எழுதவில்லை.

பக்கத்தின் மேலே மூன்று நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. கீழே பொடி எழுத்தில் ஏதேதோ நிபந்தனைகள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் அகலமான ஒரு பொத்தான். அதற்குள் வெள்ளை எழுத்து. வேறு எதுவும் இல்லை.

ஹாதி படித்தான். ‘விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுக.’

அப்படியானால் தொடர்வதற்கு எதை அழுத்துவது? இரண்டு விரலால் பக்கத்தை விரித்தான். பக்கம் அசையவில்லை. பெரிதாக்கவே முடியாதபடி செய்து வைத்திருந்தார்கள். போனைச் சாய்த்தான். கடைக்கு உள்ளே இருட்டு மூலைக்குப் போனான். அப்போது தெரிந்தது. ஆரஞ்சுப் பொத்தானுக்குக் கீழே, வெள்ளையில், வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. எழுத்துத்தான், ஆனால் படிக்க முடியவில்லை.

கை தானாகவே அதைச் செய்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தான். கேலரிக்குப் போய் அந்தப் படத்தை விரித்தான். படம் பெரிதானது. ‘ஒப்புதல் அளித்துத் தொடர்க.’

கேலரியில் இப்போது நானூற்றுப் பதின்மூன்று.

அவன் உட்கார்ந்துவிட்டான்.

நசீருதீனுக்குப் போன படங்களின் கீழே குரல் பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆறு விநாடி, எட்டு விநாடி. கேட்கக் கூடாது என்று நினைத்தான். ஒன்றைக் கேட்டான்.

“அத்தா, மூணாவது வரி என்ன போட்டிருக்கு?”

அடுத்தது. “இது எட்டா, மூணா அத்தா?” அடுத்தது. “அவரு கோவமா எழுதியிருக்காரான்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நா பெறவு படிச்சுக்கறேன்.”

கீழே அவர் பதில்கள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. ஊர் அவனிடம் போனை நீட்டுவதுபோல இவள் அரியலூருக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். பதினான்கு மாதமாக.

பன்னிரண்டாம் தேதியைத் தேடினான். விசாப் பக்கத்தின் படம், பகல் ஒன்று பதினாறுக்குப் போயிருந்தது. “அத்தா, டைம் ஓடுது. ஆரஞ்சு தெரியுது. அதான? சீக்கிரம் சொல்லுங்க.” அதற்குப் பதில் வந்திருந்தது இரண்டு மணிக்கு. பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை. ஒன்றேகாலுக்கு ஜும்ஆ தொழுகை. நசீருதீன் பள்ளிவாசலில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

காலையில் ஸ்டூலின் விளிம்பைத் தொட்ட கை ஞாபகம் வந்தது. அதை இந்த ஒரு வாரமும் அவன் அடக்கம் என்று நினைத்திருந்தான்.

குற்றம் ஒன்றுமில்லை என்று இப்போது சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால், பெண்ணுக்குக் கண். கண்ணில் உள்ள குறையை மறைத்துச் செய்த நிக்காஹ் என்று ஜமாஅத்தில் ஒரு வார்த்தை எழுந்தால் இந்தப் போன் விவகாரம் எல்லாம் அதன் முன் தூசு.

ஆப் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தான். அதில் பொய்யும் இல்லை.

*

மதியம் லுஹர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நஃபீசா கட்டிலில் காத்திருந்தாள். திரைக்குப் பின்னால் நிழல் தெரிந்தது. ஹாதி வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

பன்னிரண்டாம் தேதி அந்தப் பக்கத்தில் என்ன தெரிந்தது என்று கேட்கச் சொன்னான்.

நஃபீசா திரையைப் பார்த்து, “எதுக்குடி கேன்சல் பண்ணின, கேக்குறான்,” என்றாள்.

“ஒரு பட்டன்தான் இருந்துச்சு மாமி.”

“ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சாம். கேட்டியா கதைய.”

ஹாதி எழுந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அழுத்தினாலும் எதுவும் போகாதபடி நெட்டை அணைத்துவிட்டு, அம்மாவிடம் நீட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். விண்ணப்பம் நல்லபடியாகப் போக வேண்டுமென்றால் எதை அழுத்துவீர்கள், அழுத்துங்கள் என்றான். நஃபீசா போனைத் தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள். பிஸ்மி சொல்லி ஆரஞ்சை அழுத்தினாள்.

“கேன்சல் பண்ணிட்டீங்க.”

“நானா?”

அவன் சாம்பல் வரியைத் தொட்டுக் காட்டினான். அவள் தலையைச் சாய்த்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தாள். எழுத்து இருப்பது தெரிகிறது என்று கடைசியில் ஒப்புக்கொண்டாள். அந்தப் படங்களும் இதற்குத்தான், பெரிதாக்கிப் படிக்க எடுத்தவை, தானும் அப்படித்தான் படித்ததாக ஹாதி விளக்கினான். ஆப் செய்தவனுக்குக் கண்ணைப் பற்றிக் கவலையில்லை, அவ்வளவுதான் என்று முடித்தான். திரைக்குப் பின்னால் ஃபர்ஹா மூச்சு விடுவது கேட்டது.

நஃபீசா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

“எனக்கு அறுபது வயசு,” என்றாள். “சர்க்கர வேற. எனக்குத் தெரியல, சரி. இவளுக்கு இருவத்தி நாலு.”

ஹாதி போனை வாங்கி மேசைமேல் வைத்தான்.

“இவளுக்கு ஏன் தெரியல?”

“எனக்கே தெரியலம்மா.”

“ஊருக்கே படிச்சுச் சொல்றவன் நீ. உனக்குத் தெரியலையாக்கும்.”

இந்த வீட்டில் அம்மாவைவிடக் கூர்மையானவர் யாரும் இல்லை என்பதை அவன் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தான். சோதனை வைத்தது அவன். அது போய்க் குத்தியது வேறு இடத்தில்.

*

நசீருதீன் மூன்று மணிக்கு வந்தார். அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் ஆண்டிமடத்து முந்திரி ஒரு பொட்டலம். ஸலாம் சொன்னார், பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தார், முகங்களைப் பார்த்தார். தண்ணீர்கூட வாங்காமல் நின்றார்.

நஃபீசா சுற்றி வளைக்கவில்லை.

“சம்மந்தி, புள்ளைக்குக் கண்ணுல ஏதும் உண்டா?”

“கண்ணா? கண்ணுக்கு என்ன. அல்லாஹ் குடுத்த நல்ல கண்ணு.”

பதில் மிக வேகமாக வந்துவிட்டது. ஹாதி தரையைப் பார்த்தான். இதே குரல் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டியதை அவன் காலையில்தான் கேட்டிருக்கிறான். நசீருதீனும் மேசைமேல் கிடந்த மகளின் போனைப் பார்த்துவிட்டார். அதிலிருந்ததை ஹாதி கேட்டுவிட்டான் என்று அவருக்குப் புரிந்தது.

“நல்ல கண்ணுதான,” என்று நஃபீசா போனை எடுத்தாள். “அப்ப இந்த ஒத்த வரிய படிக்கட்டும். நா வாய மூடிக்கறேன்.”

திரைக்குக் கீழே போனை நீட்டினாள். கை வந்தது. போனை வாங்கிக்கொண்டது.

கூடத்தில் மின்விசிறி சுற்றியது. உள்ளே சத்தமில்லை. நசீருதீன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. இங்கிருந்தே படித்துச் சொல்லிவிட முடியுமா என்று பார்க்கிறவர் போலிருந்தது. அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை.

காலேஜ் இரண்டாம் வருடத்தில் தெரிந்தது என்றார். ஓரத்தில் இருப்பது தெரியாது. பொடி எழுத்து, வெளிறிய எழுத்து தெரியாது. மங்கலில் சிரமம். திருச்சியில் டாக்டர் பார்த்திருக்கிறார். இப்படியே நின்றாலும் நிற்கலாம், குறைந்தாலும் குறையலாம். சமைப்பாள், தைப்பாள், ஓதுவாள், பெரிய எழுத்துக் குர்ஆன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் செய்வாள். சொன்னால் யாரும் கட்டமாட்டார்கள் என்று பயந்துவிட்டார்.

“மறைச்சுட்டீங்க,” என்றாள் நஃபீசா. குரல் உயரவில்லை. “எம் புள்ள கடல் தாண்டி ஒழைக்கிறான். அவன் தலையில கட்டிட்டீங்க.”

“என் தப்பு, மாமி. அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

சம்மந்தி அம்மாவை மகள் கூப்பிடுவதுபோல அவர் மாமி என்று கூப்பிட்டது அவருக்கே தெரியவில்லை.

திரை விலகியது.

ஃபர்ஹா வெளியே வந்தாள். தலையில் முக்காடு இழுத்திருந்தாள். நிலைக்கதவைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அத்தாவைப் பார்க்கவில்லை, நஃபீசாவையும் பார்க்கவில்லை. ஹாதி இருந்த பக்கம் திரும்பி, பதினான்கு மாதத்தில் முதல்முறையாக நடுவில் யாரையும் வைக்காமல் பேசினாள். இரண்டு வாக்கியம். பேசிவிட்டு உள்ளே போனாள்.

நசீருதீன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நஃபீசா திரையைப் பார்த்தாள். திரும்பி ஹாதியைப் பார்த்தாள். பொய் சொல்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

*

அசர் முடிந்து பத்து நிமிடத்தில் வாசிம் கூப்பிட்டான். நஃபீசா முந்திக்கொண்டு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கண் விஷயத்தைச் சொன்னாள். உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றாள். அத்தாவும் மகளும் சேர்ந்து என்றாள்.

கண்ணா, எப்போதிருந்து, எவ்வளவு என்று அவன் கேட்பான் என்று ஹாதி காத்திருந்தான். வாசிம் ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப அவங்க அத்தாவோட அனுப்பிடுங்கம்மா,” என்றான். “பாக்கிய ஜமாஅத்துல பேசிக்கலாம்.”

ஹாதிக்கு அந்தச் செய்தி நினைவு வந்தது. நான் சொல்லும்வரை அழுத்த வேண்டாம். தம்பிக்குப் போன் ஒரு சாட்சியாக வேண்டியிருந்தது. அதைத் தேடிக் கொடுக்கத்தான் அண்ணன்.

“அவ ஏதாச்சும் சொன்னாளா?” என்று கேட்டான் வாசிம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகச் சாதாரணமாக.

“என்னத்தச் சொல்வா,” என்றாள் நஃபீசா. “வாயடைச்சு நிக்குறா.”

ஹாதி எழுந்து அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினான். அவள் விடவில்லை. பிறகு விட்டாள்.

“அண்ணே, நீ சொல்லு. போன்ல என்ன இருந்துச்சு?”

“போன்ல ஒண்ணுமில்ல வாசிம். ஃபர்ஹா ஒண்ணு சொன்னுச்சு. அம்மா சொன்னது அதில்ல.”

“என்ன சொன்னா?”

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அவள் சொன்னபடியே ஹாதி சொன்னான்:

“நிச்சயம் முடிஞ்ச மூணாம் நாளே என் கண்ணப் பத்தி அவருகிட்ட போன்ல சொல்லிட்டேன் மச்சான். அம்மாட்ட சொல்லாத, நா பாத்துக்கறேன்னு அவருதான் சொன்னாரு.”